ஜெர்மன் தொடர் பார்த்தா காது பழகுமா? சப்டைட்டில் எந்த மொழியில வைக்கணும்?

பதிவு 1 | நெல்லை_நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி நர்சிங் முடிச்சுட்டு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன். இப்ப ஜெர்மனி போறதுக்காக மொழி படிச்சிட்டிருக்கேன். ஏ1, ஏ2, பி1, பி2ன்னு ஏறுற நிலைகள்ல ஏ2 முடிச்சாச்சு, பி1 வகுப்பு நடக்குது. வாசிக்கிறது, எழுதுறது ரெண்டையும் ஒப்பேத்திடுவேன். கேட்டல் பகுதின்னு வந்தாதான் வயித்தைக் கலக்குது.

"தொடர் பாருங்க, காது தானா பழகிடும்"னு வகுப்புல எல்லாரும் சொல்றாங்க. சரின்னு ஒரு ஜெர்மன் துப்பறியும் தொடரை இங்கிலீஷ் சப்டைட்டிலோட பார்க்க ஆரம்பிச்சேன். கதை அருமையா புரியுது. யாரு யாரைக் கொன்னான்னு கேளுங்க, புட்டுப் புட்டு வைப்பேன். அதை அவங்க ஜெர்மன்ல எப்படிச் சொன்னாங்கன்னு கேட்டா ஒரு வாக்கியம் வராது. ரூம்மேட், "ஜெர்மன்லயே சப்டைட்டில் வைடி"ங்கிறா. வச்சா வரிக்கு வரி நிறுத்தி அகராதி பார்க்க வேண்டியிருக்கு. ஒரு எபிசோடு முடிய பாதி ராத்திரி ஆயிடுது. எழுத்தையே எடுத்துட்டா ஒரு சொல் எங்கே முடியுது, அடுத்தது எங்கே தொடங்குதுன்னே பிடிபட மாட்டேங்குது.

இப்படிப் பார்த்து நிஜமாவே மொழி கத்துக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?

பதிவு 2 | கொரியா_ராஜா

நான் இருக்கேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில வேலை, மேல எல்லாம் கொரியாக்காரங்க. கொரியத் தொடர் பார்த்துப் பார்த்தே டோபிக்ங்கிற கொரிய மொழித் தேர்வுல லெவல் 2 தேறினேன். 200க்கு 140 வேணும், வாங்கிட்டேன். முழுக்க இங்கிலீஷ் சப்டைட்டில்தான். பயப்படாம பாருங்க தங்கச்சி. பார்க்கப் பார்க்க வரும்.

பதிவு 3 | கேள்விக்குறி

எங்க ஹாஸ்டல்ல அனிமே பார்க்காத ரூமே கிடையாது. காலேஜ் முடியற வரைக்கும் ராத்திரி பகலா பார்த்தானுங்க. ஜப்பானியத் தேர்வுல ஆகக் கீழ இருக்கிற என்5 எழுதச் சொன்னா ஒருத்தனும் தேற மாட்டான். "பார்க்கப் பார்க்க வரும்"னா இத்தனை நாள் பார்த்தவனுக்கு ஏன் வரலை? ராஜா சார், தொடர் மட்டும்தான் பார்த்தீங்களா, இல்ல வகுப்புக்கும் போனீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

பதிவு 4 | கொரியா_ராஜா

கம்பெனியிலயே வாரம் ரெண்டு நாள் வகுப்பு உண்டு. எழுத்தை அங்கேதான் படிச்சேன். லைன்ல நாள் முழுக்க அவங்ககூடப் பேசவும் வேண்டியிருக்கு. ஆனா காதுல ஏத்தினது தொடர்தான், அதுல மாற்றமில்லை.

பதிவு 5 | கேள்விக்குறி

அதான பார்த்தேன்.

பதிவு 6 | வரிவேலை

நான் சென்னையில சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவள். உள்ளே என்ன நடக்குதுன்னு சொன்னா நெல்லைத் தங்கச்சிக்குக் குழப்பம் கொஞ்சம் தீரும்.

சப்டைட்டிலை மொழி கத்துக்கிறதுக்காக யாரும் எழுதறதில்லை. கண்ணுக்கு வாசிக்க நேரம் இருக்கணும், அதுதான் முதல் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ்ல இங்கிலீஷ், ஜெர்மன் மாதிரி மொழிகளுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்துக்குறி, மொத்தம் ரெண்டே வரி. ஒரு சப்டைட்டில் 7 நொடிக்கு மேல திரையில நிக்கக்கூடாது. ஆள் படபடன்னு பேசினா என்ன செய்வோம்? வெட்டுவோம். "வந்து, அதாவது, பார்த்தியா, இல்ல தெரியுமா" எல்லாம் காலி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அதுவும் காலி. நீங்க தெருவுல இறங்கிப் பேசும்போது வேண்டியது முக்கால்வாசி அந்த வெட்டுப்பட்ட சொற்கள்தான். இங்கிலீஷ் சப்டைட்டில்ல அதோட தடமே இருக்காது.

அதனால இங்கிலீஷ் வரியும் ஜெர்மன் பேச்சும் சொல்லுக்குச் சொல் பொருந்தும்னு நினைச்சுப் பார்க்காதீங்க. பொருந்தாது. பொருந்தணும்னு நாங்க எழுதறதும் இல்லை.

பதிவு 7 | டோர்ட்முண்ட்_அண்ணை

பிள்ளை, நான் ஜேர்மனிக்கு வந்த காலத்தில இந்த நெட்ஃபிளிக்ஸ் ஒண்டும் இல்லை. அகதி காம்பில இருக்கேக்க ஒரு பழைய டிவி மட்டும்தான். இஞ்ச டிவியில எல்லாம் டொச்தான், அதான் ஜேர்மன் மொழி. அமெரிக்கப் படமெண்டாலும் டொச்சில கதைப்பினம். ஒரு நடிகனுக்கு ஒரு குரல் எண்டு வைச்சிருப்பினம், படத்துக்குப் படம் அந்தாள்தான் குரல் குடுப்பார். எங்களுக்கு அந்த நடிகர்மாரின்ர சொந்தக் குரல் எது எண்டே கனகாலம் தெரியாது.

அப்ப ஒரு சிநேகிதன் சொல்லித் தந்தவன்: ரிமோட்டில டெக்ஸ்ட் பட்டனை அமத்திப்போட்டு ஏஆர்டி சனலில 150 எண்டு அடி, இசட்டிஎஃப் எண்டால் 777 எண்டு அடி, கீழ எழுத்து வரும் எண்டு. காது கேளாத ஆக்களுக்கெண்டு போட்ட எழுத்து அது. செய்தியும், ஞாயிற்றுக்கிழமை இரவில வாற துப்பறியும் படமும் அந்த எழுத்தோட பாக்கத் தொடங்கினன். டொச் எழுத்து, டொச் பேச்சு. தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் வராது, அதால வேற வழியும் இல்லை எண்டு வையுங்கோவன். பாதி விளங்கேல்லை. ஆனா வேலையிடத்தில காதில விழுந்த ஒரு சத்தம் இரவு எழுத்தா வந்து நிக்கேக்க, "அட இதைத்தானே ஃபோர்மன் கத்திறவன்" எண்டு பிடிபடும்.

இங்கிலீஷ் தெரியாதது எனக்கு நல்லதாப் போச்சு எண்டு இப்ப நினைக்கிறன்.

பதிவு 8 | நெல்லை_நர்ஸ்

அண்ணா, நீங்க சொன்ன மாதிரி ஜெர்மன் எழுத்து வச்சுப் பார்த்தேன். ஒரு அமெரிக்கத் தொடர், ஜெர்மன் டப்பிங், ஜெர்மன் சப்டைட்டில். பேசறது ஒண்ணு, எழுதியிருக்கிறது வேற ஒண்ணு! அர்த்தம் ஏறக்குறைய ஒண்ணுதான், சொல் எல்லாம் வேற. பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதிவு 9 | வரிவேலை

உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான். டப்பிங் வசனத்தை ஒருத்தர் எழுதறார். அவருக்கு உதட்டசைவு பொருந்தணும். சப்டைட்டிலை இன்னொருத்தர் எழுதறார். அவருக்கு எழுத்தெண்ணிக்கை பொருந்தணும். பெரும்பாலும் ரெண்டு பேரும் தனித்தனியா இங்கிலீஷ் மூலத்துல இருந்து மொழிபெயர்க்கிறாங்க, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்கிறதுகூட இல்லை. தமிழ் டப்பிங் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் வச்சுப் பாருங்க, அங்கேயும் இதே கூத்துதான்.

முதல்லயே ஜெர்மன்ல எடுத்த தொடராப் பாருங்க. அதுலயும் காது கேளாதோருக்கான சப்டைட்டில்னு தனியா இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. கதவு சாத்தற சத்தம், இசைன்னு அடைப்புக்குறிக்குள்ள போட்டிருந்தா அதுதான். பேச்சுக்கு ஆகக் கிட்டத்துல இருக்கும். முழுசா ஒத்துப்போகும்னு சொல்ல முடியாது, வேகமாப் பேசற இடத்துல அங்கேயும் சுருக்குவாங்க.

யூடியூப்ல தானியங்கி எழுத்தை நம்பாதீங்க. பின்னணியில சத்தம் இருந்தா என்னத்தையாவது உளறும். புதுசாப் படிக்கிறவங்களுக்கு எது உளறல்னே தெரியாது.

பதிவு 10 | ஒஸ்லோ_வாசி

டோர்ட்முண்ட் அண்ணை சொன்னதுக்கு நேர்மாறான நாடு நோர்வே. இஞ்ச இங்கிலீஷ் படத்தை டப் பண்ண மாட்டினம், சின்னப்பிள்ளையளின்ர படங்களைத் தவிர. மூலப் பேச்சு அப்பிடியே இருக்கும், கீழ நொர்ஸ்க், அதான் நோர்வே மொழி, எழுத்து ஓடும். இஞ்சத்தைப் பிள்ளையள் இங்கிலீசில வெளுத்து வாங்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு எல்லாரும் சொல்லுவினம்.

ஆனா நொர்ஸ்க் படிக்க வந்த எங்களுக்கு அது உதவேல்லை. காதில இங்கிலீஷ், கண்ணில நொர்ஸ்க். வாசிப்பு வந்தது, காது வரேல்லை. நொர்ஸ்க் நிகழ்ச்சிகளைப் பாத்தால் இன்னொரு சிக்கல். ஒருத்தன் பேர்கன் பேச்சு, மற்றவன் வடக்குப் பேச்சு, கீழ எழுத்து மட்டும் புக்மோல். சில நிகழ்ச்சிக்கு நீநொர்ஸ்க்கில வரும். ரெண்டும் நொர்ஸ்க்கின்ர எழுத்து வடிவங்கள். பேச்சு ஒரு மாதிரி, எழுத்து வேற மாதிரி. எங்கட தமிழ் மட்டும் என்ன? "வந்துகொண்டிருக்கிறேன்" எண்டு எழுதிப்போட்டு "வாறன்" எண்டுதானே கதைக்கிறம். எழுத்தும் பேச்சும் ஒண்டாத்தான் இருக்க வேணும் எண்டு எதிர்பாக்காததால தமிழ் ஆக்கள் இதைச் சமாளிச்சுப் போடுவினம். என்னோட வகுப்பில இருந்த வேற நாட்டு ஆக்கள்தான் கோவிச்சவை.

பதிவு 11 | படிப்பாளி

இதைப் பத்தி ஆய்வே நடந்திருக்கு. 2009ல ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன்னு ரெண்டு பேர் நெதர்லாந்துல செஞ்சது. டச்சு மாணவர்கள். இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவங்கதான், ஆனா ஸ்காட்லாந்து உச்சரிப்பும் ஆஸ்திரேலிய உச்சரிப்பும் பழக்கமில்லை. சிலருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில், சிலருக்கு டச்சு, சிலருக்கு எழுத்தே இல்லாம வீடியோ காட்டினாங்க. அப்புறம் அதே உச்சரிப்புல புது வாக்கியங்களைக் கேட்க வச்சாங்க. இங்கிலீஷ் எழுத்தோட பார்த்தவங்களுக்குக் காது நல்லாப் பழகியிருந்தது. டச்சு எழுத்தோட பார்த்தவங்க, எழுத்தே இல்லாம பார்த்தவங்களைவிடப் பின்தங்கிட்டாங்க. தாய்மொழி எழுத்து உதவலைங்கிறதோட நிக்கலை, காதையே கெடுத்திருக்கு.

இன்னொண்ணு, பெல்ஜியத்துல லூவென் பல்கலைக்கழகத்து டிதேவால் கண் அசைவை அளந்து பார்த்தவர். 1991ல வந்த கட்டுரை. திரையில எழுத்து இருந்தா மனுஷன் அதை வாசிச்சே தீருவான், தேவை இருந்தாலும் இல்லாட்டியும். சப்டைட்டில் பழக்கமே இல்லாத அமெரிக்கர்களுக்கு இங்கிலீஷ் படத்தை இங்கிலீஷ் சப்டைட்டிலோட காட்டினப்பவும் கண் கீழேதான் போச்சு. அதனால "இங்கிலீஷ் எழுத்து சும்மா ஒரு ஓரமா இருக்கட்டும், நான் ஜெர்மனைத்தான் கேட்பேன்"ங்கிறது நம்ம கையில இல்லை.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தரையும் சொல்லணும். அகமதாபாத் ஐஐஎம்ல பேராசிரியரா இருந்த பிரிஜ் கோத்தாரி. அமெரிக்காவுல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்ப, ஸ்பானிஷ் பழகறதுக்காக ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்திருக்கார். கீழே இங்கிலீஷ் ஓடியிருக்கு. "இது ஸ்பானிஷ்லயே இருந்தா நமக்கு மொழி வந்திருக்குமே"ன்னு அவருக்குத் தோணினதுதான், தூர்தர்ஷன் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில வரி போட்டு, அரைகுறையா வாசிக்கத் தெரிஞ்சவங்களை வாசிக்க வைக்கிற திட்டமா வளர்ந்தது. வெளிநாட்டு மொழி கத்துக்கிறவனோட எரிச்சல்லதான் அது ஆரம்பம்!

பதிவு 12 | கேள்விக்குறி

ஆய்வெல்லாம் சரி சார். அந்த மாணவர்களுக்கு இங்கிலீஷ் ஏற்கெனவே தெரியும், உச்சரிப்பு மட்டும்தான் புதுசு. நம்ம நெல்லைச் சகோதரிக்கு மொழியே பாதிதான் தெரியும். ஏ2ல இருக்கிறவங்க ஜெர்மன் எழுத்து வச்சா மட்டும் என்ன விளங்கும்? தெரியாத சத்தத்துக்குப் பதிலா தெரியாத எழுத்து, அவ்வளவுதான்.

பதிவு 13 | கோவை_டீச்சர்

கேள்விக்குறி கேட்டதுலதான் விஷயமே இருக்கு. நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஜெர்மன்காரங்க தங்களுக்காக எடுத்த தொடர் ஏ2 மாணவருக்குப் பெரிய சுமை. இங்கிலீஷுக்கு வெப், ராட்ஜர்ஸ்னு ரெண்டு பேர் 2009ல கணக்குப் போட்டாங்க. படங்கள்ல வர்ற சொற்கள்ல 95 விழுக்காடு தெரியணும்னா ஏறத்தாழ 3000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதுல இருந்து பிறந்ததும் சேர்ந்து ஒண்ணு) தெரிஞ்சிருக்கணும்னு வந்தது. ஜெர்மனுக்கு எண் மாறலாம், ஆனா ஏ2 சொல்வளத்தை வச்சு அந்த உயரத்தை எட்ட முடியாது. அதான் வரிக்கு வரி அகராதி. அது தொடர் பார்க்கிறதே இல்லை, வேகமா ஓடற ஒரு பாடப்புத்தகத்தைத் துரத்தறது.

படிக்கிறவங்களுக்காகவே எடுத்ததுல தொடங்குங்க. டாய்ச்ச வெல்லெயோட 'நீக்கோஸ் வேக்' இலவசமாவே கிடைக்குது, ஏ1ல இருந்து பி1 வரைக்கும். ஸ்பெயின்ல இருந்து வந்து இறங்கின பையன் பையைத் தொலைச்சுட்டுத் தவிக்கிற கதை. நடிப்பெல்லாம் கொஞ்சம் நாடகத்தனமா இருக்கும், பொறுத்துக்கோங்க. சின்னச் சின்னத் துண்டுகளா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஜெர்மன் எழுத்தும் பயிற்சியும் உண்டு. அதுக்கு அடுத்த படி 'ஈசி ஜெர்மன்' யூடியூப் சேனல். தெருவுல போறவங்களை நிறுத்திக் கேள்வி கேட்பாங்க. நடிகர் குரல் கிடையாது, இழுத்து, விழுங்கி, பாதியில விட்டுப் பேசற நிஜ ஜெர்மன். ஜெர்மன், இங்கிலீஷ் ரெண்டும் கீழே ஓடும். இங்கிலீஷ் வரியை ஒரு காகிதத்தை ஒட்டி மறைச்சிடச் சொல்லுவேன் என் பிள்ளைங்களை. சிரிப்பாங்க, ஆனா செய்வாங்க.

தேர்வைப் பத்தி ஒரு வார்த்தை. கோத்தே நிறுவனம் நடத்தற பி1 தேர்வுல, கேட்டல்ல நாலு பகுதி. முதல் பகுதியும் நாலாவதும் ரெண்டு தடவை ஒலிக்கும். ரெண்டாவதும் மூணாவதும் ஒரே தடவைதான். அங்கேதான் விழுவாங்க. சப்டைட்டிலோட பார்த்தே பழகின காது, "இப்ப விட்டதைக் கண்ணால பிடிச்சுக்கலாம்"னு சோம்பேறி ஆகியிருக்கும். தாள்லயும் வாக்கியம் இருக்கும்தான், ஆனா அது பேச்சுல வந்த அதே சொல்லால இருக்காது. வேற சொல்லால சுத்தி வளைச்சுக் கேட்பாங்க. கேட்ட சொல் அப்படியே விடையில இருந்தா சந்தேகப்படுங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

பதிவு 14 | பவேரியா_அக்கா

தங்கச்சி, நானும் நர்ஸ்தான், ஜெர்மனியோட தெற்குல பவேரியாவுல ஒரு முதியோர் வார்டுல இருக்கேன். டீச்சர் சொன்னதோட கொஞ்சம் முரண்படறேன். தேர்வுக்கு அவங்க சொன்ன வழி சரி. வேலைக்கு அது போதாது.

இங்கே வந்து சேர்ந்த புதுசுல ஒரு பாட்டி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு "ஈ மோக் நெட்"னு சொல்லிச்சு. எனக்கு ஒரு எழுத்து விளங்கலை. நான் படிச்சது "இஷ் மாக் நிஷ்ட்". எனக்கு வேண்டாம்னு சொல்லுது பாவம், நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே கரண்டியை நீட்டறேன். எந்தப் பி2 புத்தகத்துலயும் "ஈ மோக் நெட்" கிடையாது.

எனக்குக் கைகொடுத்தது இங்கத்த பவேரிய ஒளிபரப்புல 2007ல இருந்து வர்ற 'தஹோம் இஸ் தஹோம்'ங்கிற நெடுந்தொடர். கிராமத்துக் குடும்பக் கதை, நம்ம ஊர் சீரியல் மாதிரியே இழுவை. பேசறது பவேரியப் பேச்சு, சப்டைட்டில் பெரும்பாலும் புத்தக ஜெர்மன். படிப்பாளி தம்பி சொன்ன ஸ்காட்லாந்து விஷயத்தைப் படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்தது. சாயங்கால ஷிப்ட் இல்லாத நாள்ல விடாம பார்ப்பேன். தாத்தா பாட்டிங்க பேசற காட்சி வந்தா நிறுத்தி, பின்னாடி ஓட்டித் திரும்பக் கேட்பேன். இளசுங்க காதலிக்கிற காட்சியை ஓட்டிவிட்டுடுவேன், அது என் வார்டுக்குத் தேவைப்படாது!

ஆஸ்பத்திரித் தொடர்னு 'இன் ஆலர் ஃப்ராயிண்ட்ஷாஃப்ட்' பாருங்கன்னு உங்களுக்கும் யாராவது சொல்லுவாங்க. 1998ல இருந்து ஓடுது, லைப்சிக்ல ஒரு கற்பனை ஆஸ்பத்திரி. பார்க்கலாம், நோயாளிக்கு ஆறுதல் சொல்றது, வீட்டுக்காரங்ககிட்ட விஷயத்தை எப்படி மெதுவா உடைக்கிறது, இதெல்லாம் காதுல ஏறும். ஆனா நமக்கு ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது செய்ய வேண்டிய வேலை ஒப்படைப்பு இருக்கு பாருங்க, அதை எந்த இயக்குநரும் படமா எடுக்க மாட்டார். பன்னிரண்டாம் நம்பர் ரூம், சர்க்கரை இவ்வளவு, ராத்திரி ரெண்டு தடவை எழுந்தார், புண்ணுக்குக் கட்டு மாத்தியாச்சுன்னு மூச்சுவிடாம சொல்லுவாங்க. அது வார்டுல நின்னு கேட்டாதான் வரும்.

பதிவு 15 | கொரியா_ராஜா

அக்கா சொன்னதும் ஞாபகம் வருது. எங்க லைன்ல ஒரு தம்பி, தொடர்லயே கொரியன் படிச்சவன், நல்ல உச்சரிப்பு. ஒருநாள் மேனேஜர் வந்து ஏதோ கேட்க, இவன் "உம், தெரியும்டா" தொனியில பதில் சொல்லிட்டான். தொடர்ல ஹீரோ ஹீரோயின்கிட்டப் பேசற பேச்சு அது. கொரியன்ல வயசுக்கும் பதவிக்கும் தக்க வினைச்சொல்லோட வாலே மாறும். நம்ம 'வா', 'வாங்க' மாதிரின்னு சொல்லலாம், ஆனா இன்னும் கறார். இங்கிலீஷ் சப்டைட்டில்ல எல்லாமே 'யூ'தான், அப்ப அந்தப் பையனுக்கு எங்கே தெரியும்? மேனேஜர் நல்ல மனுஷன், சிரிச்சுட்டுப் போயிட்டார். சூப்பர்வைசர்தான் காய்ச்சி எடுத்தார்.

கேள்விக்குறி கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், அந்தத் தம்பி நான் இல்லை.

பதிவு 16 | கேள்விக்குறி

நான் கேட்கவே இல்லையே.

சரி, நிஜமாவே ஒரு சந்தேகம். தமிழ் சப்டைட்டில் இருந்தா இந்தப் பிரச்சினை தீருமே? நமக்குத்தான் நீ, நீங்க ரெண்டும் இருக்கு. கொரியன், ஜப்பான் ரெண்டுலயும் வினை கடைசியில வரும்ங்கிறாங்க, நம்ம மாதிரியே. இங்கிலீஷை நடுவுல இழுத்துட்டு வர்றதே தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வேலை இல்லையா?

பதிவு 17 | வரிவேலை

நியாயமான கேள்வி, பதில்தான் சோகம். பெரும்பாலும் கொரியத்துல இருந்து நேராத் தமிழுக்கு வேலை வராது. முதல்ல இங்கிலீஷ்ல நேரக்குறியோட ஒரு அச்சு தயாராகும், மத்த மொழிக்காரங்க எல்லாம் அதுல இருந்துதான் எழுதுவோம். இங்கிலீஷ்ல 'யூ'ன்னு வந்தா அது நீயா நீங்களான்னு நடிகர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றோம். மாமனார் முன்னாடி குனிஞ்சு நின்னா நீங்க, கத்தினா நீ. அதுவும் சில சமயம் காட்சி முழுசாக் கையில இருக்கும், சில சமயம் மங்கலா இருக்கும். அதனால எங்க தமிழ் வரியை வச்சுக் கொரிய மரியாதையைக் கத்துக்காதீங்க, சத்தியமாச் சொல்றேன்.

வினை கடைசியில வர்றது நல்லாக் கவனிச்சீங்க. ஜெர்மன்லயும் 'வைல்' ('ஏன்னா'ங்கிற சொல்) போட்டா வினை கடைசிக்குப் போயிடும். "வைல் இஷ் ஹொய்டெ கைனெ சைட் ஹாபெ". எனக்கு இன்னிக்கு நேரம் இல்லாததாலன்னு நாம முடிக்கிற மாதிரியேதான், அவங்களும் கடைசியிலதான் முடிச்சு போடறாங்க. இங்கிலீஷ் வரி அந்த முடிச்சை முன்னாடியே அவிழ்த்துக் காட்டிடும். அப்புறம் காது எதுக்குக் கடைசி வரைக்கும் காத்திருக்கும்?

பதிவு 18 | நெல்லை_நர்ஸ்

எல்லாருக்கும் நன்றி. அண்ணா அக்கா எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கலை. இங்கிலீஷை இன்னியோட நிறுத்தறேன். அக்கா, நீங்க நிறுத்தி, பின்னாடி ஓட்டிப் பார்ப்பேன்னு சொன்னீங்களே, அதை எப்படிச் செய்வீங்க? நான் நிறுத்தினாலே அகராதிக்குப் போயிடறேன்.

பதிவு 19 | பவேரியா_அக்கா

முழு எபிசோடையும் அப்படிப் பார்க்காதம்மா, வெறுத்துப்போயிடும். ஒரே ஒரு காட்சி, ரெண்டு பேர் பேசறது, ஒண்ணரை நிமிஷம் போதும்.

முதல்ல எழுத்தில்லாம கேளு. யாரு கோபமா இருக்கா, யாரு என்ன கேட்கறான்னு மட்டும் பிடி. அடுத்து ஜெர்மன் எழுத்தோட. இந்தத் தடவை அகராதியைத் தொடாதே. தெரிஞ்ச சொல்லையே உன் காது எங்கே தவறவிட்டதுன்னு மட்டும் பாரு. அதுதான் முக்கியம். உதாரணத்துக்கு எழுத்துல "ஹாபென் விர்"னு இருக்கும், காதுல "ஹம்வா"ன்னு விழும். "ஹஸ்ட் டூ"ன்னு எழுதியிருக்கும், அவன் "ஹஸ்டெ"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பான். ரெண்டு சொல்லும் உனக்கு ஏ1லயே தெரியும், ஆனா கேட்கும்போது தெரியலை. பாதிக்குப் பாதி சிக்கல் இப்படித் தெரிஞ்ச சொல்லுலதான் இருக்கும். அகராதி இதுக்கு எந்த வகையிலும் உதவாது.

அப்புறம் எழுத்தை எடுத்துட்டு மறுபடி கேளு. வரிக்கு வரி நிறுத்தி, அவன் சொன்ன அதே இழுவையில நீயும் வாய்விட்டுச் சொல்லு. ரூம்மேட் முறைப்பா, பரவாயில்லை. காட்சியில எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்ற ஒண்ணு ரெண்டு சொல் மட்டும் தெரியாம உறுத்தும் பாரு, அதுக்கு மட்டும் அகராதி. மீதி எபிசோடை ஜெர்மன் எழுத்து வச்சுட்டு சும்மா பாரு, சந்தோஷமா.

பதிவு 20 | கணினி_கதிர்

கருவி பத்தி யாரும் சொல்லலையே. குரோம்ல 'லாங்குவேஜ் ரியாக்டர்'னு ஒரு நீட்சி இருக்கு. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ரெண்டுலயும் ஓடும். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் தானா நிக்க வைக்கலாம், ஒரே வரியைத் திரும்பக் கேட்கலாம். இரட்டை எழுத்து காட்டும், அதுல மொழிபெயர்ப்பை மங்கலாக்கி வச்சுக்கலாம், சுட்டியைக் கொண்டுபோனா மட்டும் தெரியும். டீச்சரோட காகிதத்துக்கு மாற்று.

இறக்கின கோப்புன்னா விஎல்சி பிளேயர். சதுர அடைப்புக்குறி விசையில வேகத்தைக் குறைக்கலாம். ரொம்பக் குறைக்காதீங்க, முக்கால் வேகத்துக்குக் கீழே போனா குரல் இழுபட்டு அது வேற மொழி ஆயிடும். எழுத்து பிந்தியோ முந்தியோ வந்தா எச், ஜி விசையில நகர்த்திக்கலாம்.

வரிகளை ஒலியோட வெட்டி, 'அங்கி'ங்கிற மனப்பாட அட்டைச் செயலியில அட்டையாப் போடறவங்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவரலை. அட்டை செய்யறதுலயே பொழுது போயிடுது, தொடர் பார்க்கவே நேரம் இல்லை. செய்யறவங்க மேல எனக்குப் பொறாமை, அவ்வளவுதான்.

பதிவு 21 | டோர்ட்முண்ட்_அண்ணை

இவ்வளவு சாமான் இருந்தும் பிள்ளையள் கஷ்டப்படுகினம் எண்டு சொல்ல வரேல்லை. ஒண்டு மட்டும் சொல்லிறன் பிள்ளை. டிவி உன்னட்ட ஒண்டும் கேக்காது. நான் செய்தி முழுக்க விளங்கிற நிலைக்கு வந்தாப்பிறகும், பேக்கரியில பாண் வாங்கப்போய் அந்தப் பொம்பிளை "வேற என்ன வேணும்" எண்டு கேக்க வாயடைச்சு நிண்டனான். எழுத்தோட பாத்தது காதுக்குத்தான் உதவினது. வாய் திறந்தது, பக்கத்து வீட்டுக் கிழவர் தோட்டத்தில நிண்டு மணிக்கணக்காக் கதைச்சதாலதான். அங்க ஆரும் டொச் கதைக்க ஆள் இல்லையெண்டால், படிக்கிற பிள்ளையள் ரெண்டு பேர் ஃபோனில கதையுங்கோ. பிழையாக் கதைச்சாலும் காரியமில்லை.

பதிவு 22 | நெல்லை_நர்ஸ்

ரூம்மேட்டைப் பிடிச்சிருக்கேன் அண்ணா, இனிமே சமையல் நேரத்துல ஜெர்மன் மட்டும்தான்னு பேச்சு. முதல் நாளே "உப்பு எங்கே"க்கு மேல போகலை.

டீச்சர், கடைசியா ஒண்ணு. நீக்கோவை ஏ2ல இருந்து பார்க்கிறதா, நேரா பி1 தொடங்கலாமா? தேர்வுக்கு அதிக நாள் இல்லை.

பதிவு 23 | கோவை_டீச்சர்

ஏ2வோட கடைசிப் பாடங்கள் கொஞ்சத்தை எழுத்தில்லாம பாருங்க. யாரு எதுக்கு வந்தாங்க, என்ன முடிவாச்சுன்னு தெரிஞ்சா பி1க்குத் தாவிடலாம். தெரியலைன்னா ஏ2வையே ஒரு ஓட்டு ஓட்டிடுங்க, அதுக்கு அதிக நாள் ஆகாது.

தேர்வுக்குக் கடைசி ரெண்டு வாரம் தொடரை ஓரங்கட்டிட்டு மாதிரித் தாள் ஒலியை மட்டும் கேளுங்க. ஒரு தடவை ஒலிக்கிற பகுதியை ஒரே தடவைதான் கேட்கணும், ஏமாத்தக்கூடாது. கோத்தே பி1ல வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நாலும் தனித்தனி மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 வேணும். கேட்டல் மட்டும் போச்சுன்னா அதை மட்டும் திரும்ப எழுதிக்கலாம். அதனால வாசிப்பையும் எழுத்தையும் தள்ளிப்போட்டுட்டுக் காத்திருக்க வேண்டாம், எல்லாத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிடுங்க. உங்க ஏஜென்சி எல்லா மாட்யூலும் ஒரே நாள்ல தேறியிருக்கணும்னு கேட்கறாங்களான்னு மட்டும் முதல்லயே விசாரிச்சுக்கோங்க.